செங்கல் சுவரின் சிவப்பைத் தணிக்க: ஆமத்தூர் வெயிலில் கற்றவை

பூசாத செங்கல் வீடு அழகு என்று கட்டும்போது எல்லோரும் சொல்வார்கள். அதில் குடியிருக்கும்போதுதான் வேறு சில விஷயங்கள் தெரியவரும். ஆமத்தூரில் எங்கள் வீடு மேற்கு பார்த்தது. சேம்பர் செங்கலில் கட்டி, வெளிப்பூச்சு செய்யாமல், கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் சிமெண்டால் பாயிண்டிங் மட்டும் கொடுத்து விட்டிருந்தோம். சித்திரை, வைகாசியில் பிற்பகல் வெயில் நேரே முகப்பில் விழும்போது அந்தச் சிவப்பை ஏறிட்டுப் பார்க்க முடியாது. பொழுது சாய்ந்து வெகுநேரம் ஆன பிறகும் சுவரில் கை வைத்தால் சுடும். கூடத்திலும் ஒரு சுவர் செங்கல்தான். அது வெளிச்சத்தையெல்லாம் விழுங்கிவிடுவதால் பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருந்தது.

"ஏய்யா, இந்தச் செவத்துக்கு ஒரு வெள்ளைய அடிச்சுவிட்டா என்ன?" என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். செங்கல் வரிசை மொத்தமாக மறைந்துபோவதில் என் மனைவிக்கு விருப்பமில்லை. இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கல் தெரிய வேண்டும், ஆனால் கண்ணை உறுத்தக் கூடாது. அதற்கு என்னென்ன வழி உண்டு, எது நம் ஊர் வெயிலையும் ஐப்பசி மழையையும் தாங்கும் என்று கொத்தனார்களிடம் கேட்டும், சுவரின் ஓரத்தில் துண்டு துண்டாக அடித்துப் பார்த்தும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். விருதுநகர், சிவகாசி, சாத்தூர் பக்கம் செங்கல் சுவர் வைத்திருக்கும் எல்லோருக்கும் இதில் ஏதாவது ஒன்று உதவும்.

நம் பக்கத்தில் பழகிய வேலை

செங்கலின் முரட்டுத்தனத்தைச் சுண்ணாம்பால் மென்மையாக்குவது நம் பகுதிக்குப் புதிதல்ல. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் ராஜகோபுரத்தைப் பாருங்கள். அடித்தளம் கருங்கல். அதற்கு மேலே நிலை நிலையாக எழுவது செங்கல்லும் சுதையும். மதுரையில் 1636-இல் எழுந்த திருமலை நாயக்கர் மகாலிலும் வளைவுகளும் அலங்காரமும் செங்கல் கட்டுமானம்தான். நம் கண்ணுக்குத் தெரிகிற வழவழப்பு, கிளிஞ்சல் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவைச் சேர்த்து இழைத்த பூச்சு. சிதைந்து கிடந்த அந்த மகாலை 1866-க்கும் 1872-க்கும் இடையில் ஆளுநர் நேப்பியர் பிரபு பழுதுபார்க்க வைத்தார். செட்டிநாட்டு வீடுகளில் கடுக்காயும் வெல்லமும் சேர்ந்த சுண்ணாம்புப் பூச்சு தலைமுறைகள் கடந்தும் பளபளக்கிறது.

இதற்கு நேர் எதிர்த் திசையில் போனவர் லாரி பேக்கர். 1917-இல் பர்மிங்காமில் பிறந்து, கேரளத்தில் வாழ்ந்து, 2007-இல் திருவனந்தபுரத்தில் மறைந்த அந்தக் கட்டடக் கலைஞர், நல்ல செங்கலுக்குப் பூச்சே வேண்டாம் என்று ஆயுள் முழுக்கச் சொன்னார். திருவனந்தபுரத்தில் அவர் கட்டிய வளர்ச்சி ஆய்வு மையம் இன்றும் பூசாத செங்கலோடுதான் நிற்கிறது. ஆனால் அவருடைய கட்டடங்களைச் சுற்றி மரங்கள் உண்டு. வெயில் இலைகளில் வடிந்துதான் சுவரில் விழும். நம் கரிசல் காட்டில் வேலிக்கருவை நிழலைத் தவிர வேறு நிழல் கிடையாது. அங்கே கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும் அதே சுவர் இங்கே தகிக்கிறது. எனவே மகால் போல முழுக்க மூடவும் வேண்டாம், பேக்கர் போல அப்படியே விடவும் முடியாது என்ற இடைப்பட்ட இடத்தில்தான் நம்மில் பலர் நிற்கிறோம்.

பெயிண்ட் கடைக்குப் போகும் முன் சுவரைச் சோதியுங்கள்

கடையில் முதலில் கேட்பது "என்ன கலர்?" என்றுதான். சுவர் எப்படி இருக்கிறது என்ற கேள்வி அதற்கு முன்னால் வர வேண்டும். நான்கு சோதனைகளை நீங்களே செய்துகொள்ளலாம்.

முதலாவது, தண்ணீர் தெளித்துப் பார்ப்பது. ஒரு கை தண்ணீரைச் சுவரில் தெளியுங்கள். கல் உடனே உறிஞ்சிக் கறுத்தால் சுண்ணாம்பும் சிமெண்ட் பெயிண்டும் நன்றாகப் பிடிக்கும். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடினால் முன்பே யாரோ வார்னிஷோ கிளியர் கோட்டோ அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அதன் மேல் சுண்ணாம்பு நிற்காது. இயந்திரத்தில் அறுத்து வரும் ஒயர் கட் செங்கலும், சூளையில் அதிகம் வெந்து கறுத்துப்போன கல்லும் இப்படித்தான் தண்ணீரைத் தள்ளும்.

இரண்டாவது, எடை. கட்டியபோது மிஞ்சிய கல் கொல்லையில் கிடந்தால் நன்றாகக் காயவைத்து எடை போடுங்கள். ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து மறுபடி எடை போடுங்கள். சாதாரண வகைக் கற்களுக்கு இந்தியத் தர நிர்ணயம் அனுமதிப்பது எடையில் 20 சதவீதம் வரை. மூன்று கிலோ கல் ஊறிய பிறகு 3 கிலோ 600 கிராமைத் தாண்டினால் அது வெகுவாகத் தண்ணீர் குடிக்கும் கல். அதை வெட்டவெளி மழையில் அப்படியே விடுவது நல்லதல்ல. சாக்குத் தேய்ப்போ பூச்சோ அதற்குத் தேவைப்படும்.

மூன்றாவது, உப்பு. மழைக்காலம் முடிந்து சுவர் காயும்போது வெள்ளையாகப் பொடி பூக்கிறதா பாருங்கள். நம் பக்கத்துப் போர்த் தண்ணீர் பல இடங்களில் உப்புக் கரிக்கும். அந்தத் தண்ணீரில் கலவை போட்டு, அதையே ஊற்றிக் கட்டடத்தை நனைத்திருந்தால் உப்பு சுவருக்குள்ளேயே இருக்கும். கல்லிலிருந்தும் கொஞ்சம் வரும். சுவரின் பரப்பில் பத்தில் ஒரு பங்குக்குள் லேசாகப் பூத்தால் பெரிய கவலை இல்லை. பாதிக்கு மேல் பூத்து, கல்லே பொருக்காக உதிர்ந்தால் அலங்காரத்தை ஒத்திவைத்துவிட்டு ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும்.

நான்காவது, ஈரம். ஒரு முழம் அகலமுள்ள பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ஓர் இரவு விடுங்கள். காலையில் தாளின் உட்பக்கம் நீர்த்துளி கோத்திருந்தால் சுவருக்குள் ஈரம் இருக்கிறது. கூரைக்குழாய்க் கசிவு, பேஸ்மெண்டிலிருந்து மேலேறும் ஈரம், குளியலறைக் குழாய் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து அதைச் சரிசெய்த பிறகே மேற்கொண்டு போக வேண்டும்.

புது வீடாக இருந்தால் ஒரு மழைக்காலம் பொறுத்திருங்கள். உள்ளே இருக்கும் உப்பு வெளியே வரட்டும். வந்ததைத் தேங்காய் நார் பிரஷ்ஷால் உலர்வாகத் துடைத்து எடுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் கரைந்து மறுபடி கல்லுக்குள்ளேயே போய்விடும்.

உறுத்துவது கல்லா, இணைப்பா?

எங்களுக்கு வேலை செய்த மூத்த கொத்தனார் முகப்பைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, கல்லு மேல குத்தம் இல்ல. கல்லுக்கு நடுவுல ஓடுற கறுப்புக் கோட்டப் பாருங்க. அதுதான் கண்ணக் குத்துது."

"அப்ப கல்ல ஒண்ணும் செய்ய வேண்டாமா அண்ணாச்சி?"

"மொதல்ல கோட்ட மாத்துவோம். அப்புறம் கல்லப் பாப்போம்."

அவர் சொன்னதில் கணக்கும் இருக்கிறது. ஒன்பது அங்குல நீளம், மூன்று அங்குல உயரம் உள்ள கல்லை அரை அங்குல இணைப்போடு கட்டினால், சுவர்ப்பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இணைப்புதான். அதில் கரும்சாம்பல் சிமெண்ட் இருந்தால் சிவப்புக்கும் கறுப்புக்கும் இடையே ஓயாத சண்டை நடக்கும். ஒவ்வொரு கல்லும் தனித்தனியாகத் துருத்திக்கொண்டு தெரியும். அதே இணைப்பில் சுண்ணாம்பும் வெளிர் மணலும் கலந்த கலவை இருந்தால் கோடு தணிந்து, சுவர் ஒரே பரப்பாகத் தெரியும்.

ஆகவே முதல் வழி, பழைய பாயிண்டிங்கை அரை அங்குல ஆழத்துக்குச் சுரண்டி எடுத்துவிட்டு, வெளிர் நிறத்தில் மறுபடி கொடுப்பது. சுண்ணாம்பு ஒரு பங்கு, சல்லடையில் சலித்த மணல் மூன்று பங்கு, பிடிப்புக்குக் கொஞ்சம் ஒயிட் சிமெண்ட். இணைப்பை நனைத்துவிட்டுக் கலவையை உள்ளே அழுத்தி, கல்லின் முகத்தோடு கிட்டத்தட்ட சமமாக முடிக்க வேண்டும். ஆழமாகக் குழித்து முடித்தால் ஒவ்வொரு இணைப்பிலும் நிழல் விழுந்து பழைய கறுப்புக் கோடு திரும்பிவிடும். எங்கள் வீட்டின் வடக்குச் சுவருக்கு இதுவே போதுமாக இருந்தது. அந்தச் சுவர்க் கல்லின் மேல் வேறு எதையும் பூசவில்லை.

திரும்பி வர முடிகிற வழியிலிருந்து தொடங்குங்கள்

இத்தனையும் பார்த்த பிறகு எனக்கு உறுதியான கருத்து ஒன்று ஏற்பட்டது. செங்கலின் மேல் செய்கிற வேலைகளில் சிலவற்றை வேண்டாமென்றால் எடுத்துவிடலாம், சிலவற்றை எடுக்கவே முடியாது. எடுக்க முடிகிறதிலிருந்து தொடங்கி, போதவில்லை என்றால் மட்டும் அடுத்ததற்குப் போக வேண்டும். ஏறத்தாழ அந்த வரிசையிலேயே ஒவ்வொன்றையும் சொல்கிறேன்.

*கிளியர் கோட்.* இது அந்த வரிசையில் சேராது, ஆனால் பலரும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். இது மழைநீர் உள்ளே இறங்காமல் தடுக்கும், பாசி பிடிப்பதைக் குறைக்கும். ஆனால் சிவப்பைத் தணிக்காது. பளபளப்பான வகையை அடித்தால் நனைந்த செங்கல் போல நிறம் இன்னும் அடர்ந்து காட்டும். நிறம் உங்களுக்குப் பிடித்திருந்து, பாதுகாப்பு மட்டும் தேவையென்றால் கல்லுக்குள் ஊறி நிற்கும் மேட் வகையை, அதாவது சிலேன், சிலாக்சேன் என்று டப்பாவில் போட்டிருப்பதைக் கேளுங்கள். மேலே படலமாக நிற்கும் வார்னிஷ் நம் வெயிலில் மஞ்சளித்து உரியும். ஒருமுறை அடித்துவிட்டால் பின்னால் சுண்ணாம்பு அடிக்கும் வாய்ப்பு போய்விடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

*சுண்ணாம்பு வெள்ளை.* செங்கல் தெரிய வேண்டும், உறுத்தக் கூடாது என்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். தண்ணீராகக் கரைத்து ஒரு கை அடித்தால் சிவப்பு மெல்லிய திரைக்குப் பின்னால் தெரியும். மூன்று கை அடித்தால் நிறம் மறைந்து கல்லின் வடிவம் மட்டும் தெரியும். எந்த இடத்தில் நிறுத்துவது என்பது உங்கள் கையில் இருக்கிறது. முதல் சில நாட்களுக்குள் பிடிக்கவில்லையென்றால் தண்ணீரும் பிரஷ்ஷும் போட்டுத் தேய்த்துப் பெரும்பகுதியை எடுத்துவிடலாம். சுவருக்குள் இருக்கும் ஈரமும் இதன் வழியாகத் தடையில்லாமல் வெளியேறும்.

*சாக்குத் தேய்ப்பு.* மெல்லிய கலவையைக் கல்லின் மேல் தடவி, ஈரக் கோணிச்சாக்கைச் சுருட்டி வட்டமாகத் தேய்த்து எடுப்பது இது. சிமெண்ட் ஒரு பங்கு, சுண்ணாம்பு ஒரு பங்கு, நைசாகச் சலித்த பி சாண்ட் ஐந்து அல்லது ஆறு பங்கு போதும். இணைப்புகளும் கல்லின் குழிகளும் நிரம்பிவிடும். கல்லின் விளிம்பு மட்டும் மேடாக, மங்கலாகத் தெரியும். வளைந்தும் உடைந்தும் இருக்கும் நாட்டுச் செங்கலுக்கு இதைப்போல் அழகான வேலை வேறு இல்லை. ஆனால் இதைச் செய்தபின் பழைய செங்கல் முகம் திரும்ப வராது. வேலை முடிந்து ஒரு வாரமாவது காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்க வேண்டும்.

*சிமெண்ட் பெயிண்ட்.* சுண்ணாம்பைவிட மழைக்குக் கெட்டி, மங்கலாகவே நிற்கும், விலையும் குறைவு. சுவரை நனைத்து அடித்து, மறுநாள் தண்ணீர் தெளித்தால்தான் இறுகும். நனைக்காமல் அடித்துவிட்டுப் போனால் சில மாதங்களில் கையில் பொடியாக ஒட்டும். சுற்றுச்சுவருக்கும் மாட்டுத் தொழுவத்துக்கும் இது நல்ல தேர்வு.

*எமல்ஷன்.* கூடத்துச் சுவருக்குச் சரி, ஈரம் இல்லையென்றால். வெளிச்சுவருக்குக் கவனம் வேண்டும். எங்கள் உறவினர் வீட்டு முகப்பில் செங்கலின் மேல் நேரே பளபளப்பான பெயிண்ட் அடித்திருந்தார்கள். மழைக்காலம் முடிந்து வெயில் ஏறியதும் அது கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியது. விரலால் அழுத்தினால் உள்ளே உப்புப்பொடி கொட்டியது. கல்லுக்குள் போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் படலத்தைத் தள்ளுகிறது. உரித்தபோது பெயிண்டோடு கல்லின் மேல்தோலும் சேர்ந்து வந்தது. வெந்த மேல்தோல் போய்விட்டால் உள்ளே இருக்கும் மிருதுவான பகுதி மழையில் கரையத் தொடங்கும்.

*புட்டி, டெக்ஸ்சர், ஒட்டுக்கல்.* இவற்றைச் செங்கல் சுவரில் செய்வதென்றால் முதலில் பூசிச் சமமாக்க வேண்டியிருக்கும். அப்படியானால் அது செங்கல் சுவராக இருக்காது. அது வேண்டும் என்று முடிவெடுத்தவர்கள் செய்யலாம். ஆனால் அது கடைசிப் படி. கல்லின் துளைகளில் இறங்கிய புட்டியை எந்தக் காலத்திலும் சுத்தமாக எடுக்க முடியாது.

நாங்கள் சுண்ணாம்பு அடித்த விதம்

மேற்கு முகப்புக்கும் கூடத்துச் சுவருக்கும் சுண்ணாம்பையே தேர்ந்தெடுத்தோம். நம் மாவட்டம் சுண்ணாம்புக்கல்லுக்குப் பேர்போனது. ராமசாமிராஜா நகரிலும் ஆலங்குளத்திலும் சிமெண்ட் ஆலைகள் அமைந்ததற்கு அந்தக் கல்தான் காரணம். கல்லைச் சுமார் 900 டிகிரியில் சுட்டால் கரியமிலவாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். அதில் தண்ணீர் விட்டால் நீறும். நீறியதைச் சுவரில் அடித்தால் காற்றிலிருக்கும் கரியமிலவாயுவை வாங்கிக்கொண்டு மறுபடி கல்லாக இறுகும். இந்த இறுக்கத்துக்கு ஈரம் தேவை. ஈரம் சட்டென்று காய்ந்துவிட்டால் இறுகுவதற்கு முன்பே வெறும் பொடியாக நின்றுவிடும். சுண்ணாம்பு கையில் ஒட்டுகிறது என்று நாம் குறை சொல்வதில் பெரும்பங்கு இந்த அவசரத்தால் வருவது.

அதனால்தான் பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் வழக்கத்தை நான் மிகவும் மதிக்கிறேன். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும். சுவர் முழுக்கக் காய்ந்தும் இருக்காது, ஊறியும் இருக்காது. மார்கழி வெயில் மென்மையாக இருக்கும். பங்குனியில் நாள் முழுக்கத் தண்ணீர் தெளித்தாலும் கிடைக்காத இறுக்கம் மார்கழிக் கடைசியில் தானாகக் கிடைக்கும். நம் பக்கத்தில் இன்னொரு வசதியும் உண்டு. தீபாவளி முடிந்து பட்டாசு ஆலைகளில் வேலை தளர்ந்திருக்கும் காலத்தில் பேசி வைத்துக்கொண்டால் கைவேலைக்கு ஆள் கிடைப்பதும் எளிது.

செய்முறை இதுதான். சுட்ட சுண்ணாம்புக் கட்டியை வாங்கி, பெரிய இரும்புத் தொட்டியில் முதலில் தண்ணீரை வைத்து, கட்டிகளைச் சிறிது சிறிதாக அதில் போட வேண்டும். பிளாஸ்டிக் வாளி ஆகாது, அந்தச் சூட்டில் இளகிவிடும். ஒரு கிலோவுக்கு ஐந்து லிட்டர் தண்ணீர் என்பது அளவு. கொதித்து அடங்கியபின் ஒரு நாள் அப்படியே விட்டு, பழைய வேட்டித் துணியில் வடிகட்ட வேண்டும். வடிகட்டாமல் அடித்தால் நீறாத துகள்கள் பின்னால் சுவரில் வெடித்துப் பொட்டுப் பொட்டாகக் குழி விழும். வடிகட்டியது மோர் பதத்தில் இருக்க வேண்டும். கெட்டியாக இருந்தால் ஒரே கையில் மறைத்துவிடலாமே என்று தோன்றும். ஆனால் தடிமனாக அடித்த சுண்ணாம்பு வெடித்து உதிரும்.

பிடிப்புக்கு, பத்து லிட்டர் கரைசலுக்கு 40 கிராம் கோந்தைச் சுடுதண்ணீரில் கரைத்துச் சேர்த்தோம். சிவகாசிப் பக்கம் தீப்பெட்டி வேலைக்கு வாங்கும் வஜ்ரப் பசை எளிதில் கிடைக்கும் என்பதால் பலர் அதைக் காய்ச்சிச் சேர்ப்பார்கள். அதுவும் நல்லதே. கல்லுப்பு போடும் பழக்கமும் உண்டு. உப்புப் பூக்கும் சுவருக்கு மேலும் உப்பு எதற்கு என்று நாங்கள் தவிர்த்தோம்.

அடிக்கும் முந்தின நாள் மாலையும், அடிப்பதற்குச் சற்று முன்பும் சுவரை நனைத்தோம். தண்ணீர் வழிந்தோட வேண்டியதில்லை, கல் குளிர்ந்து கறுத்திருந்தால் போதும். மேற்குச் சுவரைக் காலையிலும், கிழக்குச் சுவரை மாலையிலும் அடிக்க வேண்டும். நிழலோடு போவது என்று இதைச் சொல்வார்கள். நார் மட்டையால் மேலிருந்து கீழே ஒரு இழுப்பு, கீழிருந்து மேலே ஒரு இழுப்பு, அது காய்வதற்குள் வலமும் இடமுமாகக் குறுக்கே ஒரு இழுப்பு. இது ஒரு கை. செங்கலில் இணைப்புகளின் ஓரத்தில் வெள்ளை தேங்கும். அதை உடனே மட்டையின் நுனியால் இழுத்துவிட வேண்டும்.

முதல் கை அடித்து முடித்ததும் பார்ப்பவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். ஈரத்தில் சுண்ணாம்பு கண்ணாடி போல நிற்பதால் அடித்ததே தெரியாது. செங்கல் முன்பைவிடச் சிவப்பாகக் காட்டும். "இன்னும் கெட்டியாக் கரைங்க" என்று யாராவது சொல்வார்கள். கேட்க வேண்டாம். நாங்கள் அப்படியே விட்டுவிட்டு மறுநாள் காலையில் பார்த்தோம். நன்றாகத் தண்ணீர் உறிஞ்சிய கல்லில் வெள்ளை அழுத்தமாகவும், அதிகம் வெந்த கறுத்த கல்லில் லேசாகவும் படிந்து, ஒவ்வொரு கல்லும் ஒவ்வொரு விதமாக வெளுத்திருந்தது. சிவப்பு, வெளிர் சந்தன நிறமாகத் தணிந்திருந்தது. முகப்பில் இரண்டாவது கை அடித்து நிறுத்திக்கொண்டோம். கூடத்துக்கு வெளிச்சம் வேண்டியிருந்ததால் மூன்று கை அடித்து, ஒரு கிலோ சுண்ணாம்புக்கு மூன்று கிராமுக்கு மேல் போகாமல் நீலம் சேர்த்தோம். இப்போது பகலில் அந்தக் கூடத்தில் விளக்கில்லாமல் நாளிதழ் வாசிக்க முடிகிறது. மேற்குச் சுவரும் மாலையில் முன்பு போலச் சுடுவதில்லை.

நிறம் சேர்க்க விரும்பினால்

தூய வெள்ளை நம் வெயிலில் கண்ணைக் கூசச் செய்யும். முகப்புக்குக் கொஞ்சம் நிறம் கலப்பது நல்லது. சுண்ணாம்பின் காரத்துக்கு எல்லா நிறமும் தாங்காது. மண்ணிலிருந்து வரும் காவியும் மஞ்சள் காவியும் தாங்கும், வெளுக்காது. ஒரு பிடி மஞ்சள் காவி சேர்த்தால் யானைத் தந்த நிறம் வரும். சிவப்புக் காவியைச் சிட்டிகை அளவில் சேர்த்தால் செங்கலோடு ஒட்டிப்போகும் ரோஜா வெளுப்பு கிடைக்கும். எவ்வளவு சேர்த்தோம் என்பதை எழுதி வையுங்கள். தேவையானதற்குக் கூடுதலாகவே ஒரே தடவையில் கலந்துகொள்ளுங்கள். இரண்டாவது தடவை கலப்பது ஒருபோதும் முதல் கலவையோடு ஒத்துப்போகாது. ஈரத்தில் தெரியும் நிறத்தை நம்ப வேண்டாம். காய்ந்தபின் பாதியாக வெளுக்கும்.

மறக்கக் கூடாதவை

சுண்ணாம்பு நீறும்போது கொதிநீராகத் தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வையையே பாதிக்கும். குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். கண்ணாடியும் ரப்பர் கையுறையும் இல்லாமல் யாரையும் வேலை செய்யச் சொல்லாதீர்கள். கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டால் போதும் என்று வேலையாட்கள் சொல்வார்கள். அது கண்ணைக் காக்காது. கண்ணில் பட்டால் ஏராளமான நல்ல தண்ணீரில் விடாமல் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கரிசல் மண்ணில் கட்டிய வீடுகளில் கோடையில் மண் வெடித்து, மழையில் உப்பி, சுவரில் மயிரிழை விரிசல் வருவது சகஜம். தடித்த பூச்சுகளில் அந்த விரிசல் கோடாகத் தெரியும். சுண்ணாம்பில் அடுத்த கை அடிக்கும்போது மெல்லிய விரிசல் அடைந்துவிடும். விரலால் தடவினால் உணரும் அளவுக்கு விரிசல் அகலமாக இருந்தால் பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். அதை மூடி மறைக்கும் வேலையை எந்தப் பூச்சுக்கும் கொடுக்காதீர்கள்.

எந்த முறையாக இருந்தாலும், வெயில் அதிகம் படும் இடத்தில் ஒன்று, தரையோரம் ஒன்று என இரண்டு இடங்களில் மூன்றடிக்கு மூன்றடி அடித்துப் பாருங்கள். காலை, உச்சி, மாலை மூன்று வேளையும் தெருவில் நின்று பாருங்கள். முடிந்தால் ஒரு மழை படும்வரை காத்திருங்கள். டப்பா மேல் ஒட்டியிருக்கும் நிற அட்டை ஆமத்தூர் வெயிலைப் பார்த்ததில்லை.

செலவைப் பொறுத்தவரை சுண்ணாம்புதான் எல்லாவற்றிலும் குறைவு. அதற்குப் பதிலாக அது கேட்பது, மழை நேரடியாக அடிக்கும் முகப்பில் ஓரிரு வருடத்துக்கு ஒருமுறை ஒரு கை. இது சுமையாகச் சிலருக்குத் தோன்றலாம். பத்து வருடம் தாங்கும் என்று சொல்லி விற்கப்படும் பூச்சு உரியத் தொடங்கும்போது சுரண்டுவதற்கு ஆகும் கூலியையும், அதோடு போய்விடும் கல்லின் தோலையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் சுண்ணாம்பே லாபம். தீபாவளிப் புகைக்கறையோ மழைத்தடமோ எது விழுந்தாலும் பொங்கலுக்கு ஒரு கை அடித்தால் போய்விடும்.

வேலையைத் தொடங்கப் போகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இது. முதலில் ஈரத்தை நிறுத்துங்கள், பிறகு இணைப்பைப் பாருங்கள், அதன் பிறகு சுண்ணாம்பில் ஒரு கை. அதற்கு மேல் தேவைப்படுகிறதா என்பதை ஒரு வருடம் அந்த வீட்டில் வாழ்ந்துவிட்டு முடிவு செய்யுங்கள். பூசுவதற்கு எப்போதும் நாள் இருக்கிறது. பூசிய செங்கலைத் திரும்பப் பெறுவதற்குத்தான் வழி இல்லை.